பாலைவனத்துக்கு வண்டி பார்க்கக் காரைக்காலைச் சுற்றினோம்

என் மகள் நித்யா டிசம்பரில் தோழிகளோடு ஜெய்சால்மர் போகிறாள். மணல்மேட்டில் நாலு சக்கர வண்டி ஓட்டுவதற்கு முன்பணம்கூடக் கட்டியாகிவிட்டதாம். "அம்மா, அப்பா அந்தக் காலத்துல பாலைவனத்துல ஓட்டுனாங்கல்ல, எந்த மாதிரி வண்டி எடுக்கலாம்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லும்மா" என்று போனில் சொன்னாள். அப்பாவைக் கேட்டுச் சொல்லணுமாம். அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது யாரென்று இத்தனை வருஷமாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்கிறேன். அந்தப் பக்கம் போகத் திட்டம் போட்டிருக்கும் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது 1986 புரட்டாசியில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்த ஊர் விழிதியூர், வாழ்க்கைப்பட்டது கோட்டுச்சேரி. எங்கள் வீட்டுக்காரர் குணசேகரன், காரைக்காலில் முகாம் போட்டிருந்த ஒரு சர்வே கம்பெனியில் டிரைவர், மெக்கானிக் இரண்டும். பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிற கம்பெனி. வயல் வரப்பெல்லாம் ஒயரை இழுத்துப் போட்டு, குழி தோண்டி வெடி வைத்து, அந்த அதிர்வை மெஷினில் பதிவு செய்வார்கள். தினக்கூலி வேலை. இன்றைக்கு உண்டு, நாளைக்குக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

முகாமுக்குப் பொறுப்பு மேத்தா சார். குஜராத்திக்காரர், நம்ம ஊரில் இருந்து இருந்து தமிழைத் தத்துப்பித்தென்று பேசுவார். அவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, "குணா, உனக்கு நிரந்தர வேலை. ஆனா ராஜஸ்தான்" என்றார். அங்கே பாலைவனத்தில் கம்பெனிக்கு இன்னொரு முகாம். கூடாரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஆட்கள் வேலை செய்வார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கேனும் ஒயர் உருளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். போக இருபது, வர இருபது, தனியாக. நடுவில் ஒரு குடிசைகூடக் கிடையாது.

காப்பி கொடுக்கப் போனவள் அப்படியே கதவோரம் நின்றுவிட்டேன். எங்களவர்தான் கேட்டார், முன்னே இருந்த டிரைவர் என்ன ஆனார் என்று. மேத்தா சார் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. மறுநாள்தான் கண்டுபிடிச்சோம். உயிர் இருந்தது. ஆனா அதுக்கப்புறம் அவன் வரமாட்டேன்னுட்டான்."

இவரைப் போகவே விடக்கூடாது என்று நினைத்தேன். நிரந்தர வேலை என்றதும் எங்களவர் முகம் எப்படி மலர்ந்தது என்றும் பார்த்தேன். அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மேத்தா சார் போனதும் ஒன்றே ஒன்று சொன்னேன். "வண்டியை நான் பாக்கணும். பாத்து சரின்னு சொன்னாத்தான் உங்க துணிமணியைப் பெட்டியில அடுக்குவேன்."

"உனக்கு வண்டியைப் பத்தி என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. திரும்பி வருமான்னு கேக்கத் தெரியும்."

சிரித்தார். ஆனால் மறுநாள் முகாமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

முகாம் இருந்தது கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில், பிரான்ஸுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் வீட்டில். பெரிய இரும்புக் கேட், உள்ளே முற்றம். அங்கே மூன்று வண்டிகள் நின்றன. வெளிநாட்டிலிருந்து கப்பலில் மெட்ராஸ் வந்து, லாரியில் காரைக்கால் வந்தவை. ஓட்டும் முறை சொல்லிக் கூட வந்த புத்தகமெல்லாம் பம்பாய் ஆபீஸிலேயே தங்கிவிட்டதாம். இந்த மூன்றில் ஒன்றைச் சனிக்கிழமைக்குள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், திங்கட்கிழமை லாரியில் அந்த ஒன்றுதான் ராஜஸ்தான் போகும். முடிவு செய்யாவிட்டால் வண்டியும் போகாது, வேலையும் வேறு ஆளுக்கு.

மூன்றுக்கும் அங்கேயே பேர் வைத்துவிட்டேன். முதலாவது மூணு சக்கரம். அதற்கு மூணுகாலி. இரண்டாவதற்கு நாலு சக்கரம், டயரில் விரல் நீளத்துக்குப் பல் பல்லாக இருந்தது, பார்க்கவே முரட்டுத்தனம். அது பல்லன். மூன்றாவதும் நாலு சக்கரம்தான், ஆனால் டயர் குண்டு குண்டாக உப்பி, ஏதோ பூசணிக்காயை வரிசையாகக் கட்டிவிட்ட மாதிரி. முன்னாலும் பின்னாலும் சாமான் வைக்கக் கம்பித் தட்டு. அது பூசணி. மூன்றுக்குமே ஸ்டியரிங் கிடையாது, மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி. கட்டைவிரலால் லீவர் மாதிரி ஒரு நெம்பியைத் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும்.

மூணுகாலி அன்றைக்கே கழிந்தது. அரசலாற்றுக் கரையில் சாய்வாக ஏற்றிப் பார்த்தார், அது அலுங்காமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. எங்களவர் சட்டையெல்லாம் சேறு. அடி ஒன்றும் இல்லை. "இதுல போனா நீங்க வருவீங்க, வண்டி வராது" என்றேன். மணல்மேட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூணு சக்கரம் யாராவது இன்னும் வைத்திருந்து வாடகைக்குக் கொடுத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மீதி இரண்டு. சனிக்கிழமை முழுக்க இரண்டையும் பாரம் ஏற்றி ஊர் சுற்றுவதென்று முடிவானது. பூசணியை எங்களவர் ஓட்ட, பின்னால் நான். பல்லனை ஓட்ட விழிதியூரிலிருந்து என் அண்ணன் ராஜேந்திரன் வந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். டிராக்டர் ஓட்டத் தெரிந்தால் ஏரோப்ளேனும் ஓட்டலாம் என்று நினைப்பவன்.

காலை ஆறரைக்கு முகாமிலிருந்து கிளம்பினோம். காரைக்காலில் பெட்ரோல் எப்போதுமே அந்தப் பக்கத்து ஊர்களைவிட மலிவு, இரண்டு டாங்கியையும் ரொப்பிக்கொண்டோம். பெட்ரோல் போட்டவர் காசு வாங்க மறந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைத்தெரு முனையில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னய்யா இது, நம்பர் பிளேட்டைக் காணோம்?"

எங்களவர் கம்பெனி அனுமதிக் கடிதத்தைக் காட்டினார். அவர் அதைப் படிக்கவே இல்லை. டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது தண்ணியில மெதக்குமா?"

"தெரியலைங்க."

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி யாரும் விடமாட்டார்கள். இந்த வண்டிகளைச் சாலையில் ஓட்ட இப்போது அனுமதி இல்லை, முயற்சி செய்து என்னைத் திட்டாதீர்கள்.

கோட்டுச்சேரி ஆறு கிலோமீட்டர்தான். அங்கே எங்கள் தெருவே வாசலில் நின்றது. நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கம்பித் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகாராணி கணக்காகப் போனேன். கல்யாண ஊர்வலத்தில்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை, அன்றைக்குக் கார் நடுவழியில் நின்றுவிட்டது. கடைத்தெருவில் இட்லியும் தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்புக் கடப்பாவும் சாப்பிட்டோம். மூன்று பேருக்கும் பத்து ரூபாய்க்குள் முடிந்தது. அண்ணன் சாப்பிட்ட அளவை நினைத்தால் அதுவே அதிசயம்.

அங்கிருந்து நெடுங்காடு வழியாக அம்பகரத்தூர். இரண்டு பக்கமும் சம்பா நடவு. தார் ரோட்டில் பூசணி மெத்தென்று மிதந்துகொண்டு போனது. பல்லன் போட்ட சத்தத்தில் வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. அண்ணனுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுதான் வண்டி மாப்ளே, அது என்ன தலகாணி மாதிரி" என்று கத்திக்கொண்டே வந்தான்.

அம்பகரத்தூரில் அம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, இரண்டு வண்டிக்கும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். மொத்தம் எட்டு. எந்த வண்டி போகப் போகிறதென்று தெரியாதபோது ஒன்றுக்கு மட்டும் வைத்தால் நன்றாகவா இருக்கும். அம்மனிடமும் அதே கேள்விதான் கேட்டேன். திரும்பி வரணும் தாயே, வேகம் கீகம் எல்லாம் வேண்டாம்.

இங்கேதான் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தோம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை, கடைக்காரர் பாய். பாரம் ஏற்றி ஓட்டுவதற்காக வண்டிக்கு நாலு தண்ணீர் கேன் நிரப்பிக் கட்டினோம். பாய் வந்து பூசணி டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது.

"என்னங்க இது, கொழுக்கட்டை மாதிரி அமுங்குது? இதையா வெச்சுக்கிட்டு பாரம் ஏத்தப் போறீங்க?"

எங்கள் பக்கம் சைக்கிளில் நெல் மூட்டை ஏற்றுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏற்றுமுன் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். டொங்கென்று கல்லு மாதிரி சத்தம் வர வேண்டும். வராவிட்டால் காற்று அடிப்பார்கள். பாரம் என்றால் காற்று. இதில் எங்கள் ஜில்லாவில் சந்தேகமே கிடையாது, பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் யாரும் யோசிக்கவே இல்லை. பாய் அடித்தார், எங்களவர் அடித்தார், அண்ணன் அடித்தான். கடைசி டயருக்கு நானும் பம்பை வாங்கி நாலு அடி அடித்தேன். தட்டிப் பார்த்தோம். டொங். எல்லாருக்கும் மனசு நிறைந்தது. பாய் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், நாங்கள்தான் ஒட்டுப்போடுகிற சாமான் ஒரு டப்பா விலைக்கு வாங்கிக்கொண்டோம்.

திருநள்ளாறு வழியாகத் திரும்பினோம். புரட்டாசிச் சனிக்கிழமை, கூட்டம் சொல்லவே வேண்டாம். நீங்கள் போவதாக இருந்தால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது சாமிக்காகவே போங்கள். சாமியையும் ஊர் சுற்றுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று அடித்த பிறகு பூசணி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பந்து மாதிரி குதித்தது. என் இடுப்பு அன்றைக்கு எண்ணிய பள்ளங்களை முனிசிபாலிட்டி எண்ணியிருக்காது.

பதினோரு மணிக்கு விழிதியூர். அண்ணன் நேரே எங்கள் வயலுக்குத்தான் விட்டான். பரம்படித்து நடவுக்குத் தயாராகக் கிடந்தது, கணுக்காலுக்கு மேல் சேறு. "மாப்ளே, வண்டிக்கு இதைவிடப் பரீட்சை கிடையாது. இதுல வந்தா எதுலயும் வரும்" என்றான். எங்களவரும் தலையாட்டினார். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றை அப்படியே போட்டுவிட்டு வரப்புக்கு ஏறிவிட்டார்கள்.

பல்லன் இறங்கினான். பல்லெல்லாம் சேற்றைக் கவ்வ, பின்னால் ஆள் உயரத்துக்குச் சேறு தெறிக்க, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஒரே மூச்சு. பெண்கள் கைதட்டினார்கள். அடுத்து பூசணி. பத்தடி போனது. சர்ரென்று வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது. முன்னே தள்ள நாலு பேர் இறங்க வேண்டியிருந்தது. நானும் முழங்கால் வரை சேற்றோடுதான் ஏறி வந்தேன்.

"முடிஞ்சுது" என்றான் அண்ணன். "பல்லனைக் கட்டி அனுப்புங்க."

எங்களவர் என்னைப் பார்த்தார். எனக்கு எதுவோ ஒட்டவில்லை. காலில் சேறு வழிந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அண்ணே, பாலைவனத்துல எவன் நாத்து நடுறான்?"

வரப்பில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்குக் கோபம். "சேத்துல வந்த வண்டி காஞ்ச மணல்ல வராதா? என்ன பேச்சு பேசுற."

"வந்தா நல்லதுதானே. கடக்கரைக்குப் போய்ப் பாத்துடுவோம்."

"காலையிலேருந்து சுத்துறோம் பாப்பா, முதுகு விட்டுப் போச்சு."

"உனக்கு முதுகு. எனக்குப் புருசன்."

அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினோம்.

காரைக்கால் கடற்கரையில் அலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஈரமணல் கெட்டி, அதில் சைக்கிளே ஓடும். எங்களுக்கு அது உதவாது. கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் போனால் காய்ந்த மணல் மேடாக ஏறிக் கிடக்கும், ஓரத்தில் கருவேலம் புதர். அங்கே போய் நிறுத்தினோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அண்ணன்தான் முதலில். பல்லன் சீறிக்கொண்டு மேட்டில் ஏறினான். இரண்டு வண்டி நீளம் போயிருப்பான். அப்புறம் ஏறவில்லை, இறங்கினான். அந்தப் பல்லெல்லாம் மணலை வாரி வாரிப் பின்னால் எறிய, நின்ற இடத்திலேயே குழி தோண்டிக்கொண்டு வயிறு வரை உட்கார்ந்துவிட்டான். அண்ணன் நெம்பியைத் தள்ளத் தள்ள இன்னும் கீழே போனது. கிணறு வெட்டுவதாக இருந்தால் அதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

பூசணியும் ஏறவில்லை. கல்லு மாதிரி டயர் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. பாதிச் சக்கரம் புதைந்து நின்றது.

இரண்டு வண்டியும் அப்படி நிற்பதைப் பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் மீனவர்கள் இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது, கடல் இருக்கிறது. அங்கே? ஒரு பக்கம் இருபது கிலோமீட்டர், நடுவில் இந்த மனுஷன் மட்டும், தலைக்கு மேல் வெயில். மறுநாள் கண்டுபிடித்தார்களே அந்த டிரைவர், அவருக்கும் ஊரில் ஒருத்தி இருந்திருப்பாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க மணலில் உட்கார்ந்து அழுதேன்.

"வேணாங்க. நிரந்தரமும் வேணாம் ஒண்ணும் வேணாம். கூலி வேலையே போதும். நானும் நடவுக்குப் போறேன்."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். "சரி. மேத்தா சார்கிட்ட சொல்லிடுறேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவருடைய அப்பா கூலி, தாத்தா கூலி. சம்பளம் என்று மாசாமாசம் கையெழுத்துப் போட்டு வாங்கப் போகிற முதல் ஆள் இவர்தான் என்று கோட்டுச்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதையெல்லாம் அந்த ஒரு 'சரி'யில் விட்டுவிட்டார். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மீனவர்கள் வலைக்கயிற்றைக் கட்டிப் பூசணியை முதலில் இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் அது பக்கவாட்டில் உருண்டு கருவேலம் புதருக்குள் போய் நின்றது. வெளியே எடுத்தபோது பின் டயர் இரண்டிலும் முள். ஒரு டயரில் மூன்று முள்ளை எண்ணினேன். உஸ்ஸென்று மெல்லக் காற்று போய்க்கொண்டிருந்தது.

"போச்சு போ. இதான் பாக்கி" என்றான் அண்ணன்.

ரோட்டுக்குக் கொண்டுபோனால்தான் ஒட்டுப்போட முடியும். எங்களவர் ஏறி உட்கார்ந்து, மெதுவாக, வேண்டாவெறுப்பாக நெம்பியைத் தள்ளினார். டயர் தொளதொளவென்று மடிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வண்டி நகர்ந்தது. புதைந்து நின்ற குழிக்குப் பக்கத்தில் போய், அதைத் தாண்டி, மேட்டில் ஏறிவிட்டது.

அவர் இதைக் கவனிக்கவே இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான்தான் மணலைப் பார்த்தேன். முன் டயர் போன இடத்தில் கத்தியால் கீறின மாதிரி ஆழமான கோடு. பின் டயர் போன இடத்தில் அகலமாக, சப்பையாக, கோரைப்பாயை உருட்டி விரித்த மாதிரி ஒரு தடம். அந்தத் தடத்தில் மணல் சரியவே இல்லை.

"நில்லுங்க" என்று கத்தினேன். ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "பாருங்க. காத்து இருக்குற சக்கரம் அறுக்குது. காத்து இல்லாத சக்கரம் நடக்குது."

அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் மண்டியிட்டுப் பார்த்தார். மெக்கானிக் இல்லையா, சொன்ன உடனே பிடித்துக்கொண்டார். "முன் டயர்லயும் இறக்கணும். குச்சி ஏதாவது இருக்கா?" நான் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தேன். வால்வைக் குத்திப் பிடித்ததும் உஸ்ஸென்று இறங்கியது, பாய் அடித்தது, அண்ணன் அடித்தது, நான் அடித்தது எல்லாம். காலையில் பாய் கடைக்கு வந்தபோது இருந்த கொழுக்கட்டைப் பதத்துக்கு வந்ததும் நிறுத்தினோம். பின் டயர் முள்ளைப் பிடுங்காமல் விட்டதில் அங்கே காற்று மெல்லத்தான் போனது. கடைசியில் கம்பெனிக்காரன் சரியாகத்தான் வைத்து அனுப்பியிருக்கிறான்.

நாலு கேன் தண்ணீரோடு, பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு, அந்த மேட்டில் பூசணி ஏறியது. இறங்கியது. திரும்ப ஏறியது. உச்சியில் வேண்டுமென்றே நிறுத்தி, மணலில் இருந்தபடியே மறுபடி கிளப்பினார். கிளம்பியது. இன்ஜினை அணைத்து அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டனை ஒருமுறை அமுக்கியதுமே கிளம்பியது. மீனவர்கள் விசில் அடித்தார்கள். நானும் அடித்திருப்பேன், எனக்கு விசிலடிக்க வராது.

பல்லனையும் குழியிலிருந்து இழுத்துப் போட்டு, நியாயமாகக் காற்றை இறக்கிப் பார்த்தோம். அவன் டயருக்குத் தடித்த தோல், காற்று போனாலும் விறைத்துக்கொண்டு நின்றது. மறுபடி குழிதான் வெட்டினான். அதோடு இன்ஜின் சூடாக இருந்தால் கிளப்ப இருபது தடவை கயிறு இழுக்க வேண்டியிருந்தது. அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "நான் மொதல்லயே நெனச்சேன், பூசணிதான்னு" என்றான். அவனை ஒன்றும் செய்ய முடியாது.

ரோட்டுக்கு வந்து டயருக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு நேரே முகாமுக்குப் போனோம். மேத்தா சார் எந்த வண்டி என்று கேட்டார். எங்களவர் என்னைக் கை காட்டினார். "இது திரும்பி வரும் சார்" என்றேன். திங்கட்கிழமை லாரி போயிற்று. எங்களவர் பெட்டியில் சட்டை, வேட்டி, மாவடு, பாய் கடை ஒட்டு டப்பா, ஒரு பம்பு எல்லாம் அடுக்கினேன்.

மாசி மாதம் நான் ஜெய்சால்மர் போனேன். அண்ணன்தான் கூட வந்தான். காரைக்காலிலிருந்து பஸ், மெட்ராஸிலிருந்து ரயில், டெல்லியில் மாறி, ஜோத்பூரில் மறுபடி மாறி நாலாம் நாள் இறங்கினோம். குளிர் நடுக்கியது, கம்பளி இல்லாமல் போகாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் எங்களவர் பூசணியோடு நின்றார். வண்டி பளபளவென்றிருந்தது. அவர் கறுத்து, இளைத்து, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. சாமானையும் அண்ணனையும் கம்பெனி ஜீப்பில் ஏற்றிவிட்டு, "நீ என்கூட வா, குறுக்கு வழியில போவோம்" என்றார். நாலரை மாசம் கழித்துப் பார்க்கிறேன். குறுக்கு வழி, நேர் வழி, எந்த வழியாக இருந்தால் என்ன.

தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பித்தது. ஐயோ, அந்த இடத்தை எப்படிச் சொல்ல. கிளிஞ்சல்மேட்டு மணலை ஆயிரம் பங்கு பெருக்கி, கடலை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. மாலை வெயிலில் அத்தனையும் மஞ்சள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் பேசிக்கொண்டே வந்தார், எங்கே ஒட்டகம் நிற்கும், எங்கே நரி பார்த்தார் என்று. மூன்றாவது மேட்டின் பாதியில் வண்டி உறுமியது. நின்றது. இன்னொரு தடவை உறுமிப் பின்பக்கம் அமுங்கியது.

சுற்றிப் பார்த்தேன். ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. அவர் நெம்பியைத் தள்ளிக்கொண்டே இருந்தார், மணல் என் முதுகில் வந்து விழுந்தது. "இப்படி ஒருநாளும் ஆனதில்லையே, ஒருநாளும் ஆனதில்லையே" என்றார். நான் கூட இருக்கும்போது ஆகிவிட்டதே என்ற பயம் அது. நான் இறங்கி டயரைத் தட்டினேன்.

டொங்.

பெண்டாட்டி வருகிறாளே என்று காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து, ரோட்டில் கூட்டிவர வேண்டுமே என்று நாலு டயருக்கும் நம்ம ஊர் வழக்கப்படி காற்றை அடித்து நிமிர்த்தி வைத்திருக்கிறார். மணலுக்கு வந்ததும் இறக்க வேண்டும், தினமும் இறக்குகிறவர்தான். நரிக் கதையில் மறந்துவிட்டார்.

எனக்கு வந்த சிரிப்பில் பேச முடியவில்லை. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மண்டியிட்டு, வால்வில் வைத்து அழுத்தினேன். உஸ்ஸ். அவர் தலையில் அடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். நாலு டயரையும் நானே இறக்கினேன். எழுந்து பார்த்தால் அவர் ஓட்டுகிற இடத்தில் இல்லை, பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீயே ஓட்டு."

அதுவரை நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஏறி உட்கார்ந்தேன். கட்டைவிரலால் தள்ளினேன். பூசணி அசைந்து, குழியிலிருந்து எழுந்து, மேட்டில் நடந்து ஏறியது. முகாம் வரை நான்தான் ஓட்டினேன். ஜீப்பில் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த அண்ணன் கூடார வாசலில் டீ டம்ளரோடு நின்றான். கொண்டை அவிழ்ந்து முடி பறக்க நான் ஓட்டிவருவதைப் பார்த்தவன் டம்ளரைச் சாய்த்துவிட்டான்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாடகைக்குக் கொடுப்பவன் எவ்வளவு வேகம் போகும் என்று சொல்வான், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் டயரை அமுக்கிப் பாருங்கள், விரல் உள்ளே போக வேண்டும். இன்ஜினைச் சூடான பிறகு அணைத்துப் போடச் சொல்லுங்கள். காலையில் சில்லென்றிருக்கும்போது எல்லா வண்டியும் கிளம்பும். ஒருத்தருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்பதெல்லாம் சினிமாவுக்குச் சரி, இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒரு ஆளிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். கெட்டித் தரைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

எங்களவர் அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றார். பூசணியை ஆறு வருஷம் ஓட்டினார், ஒருநாள்கூட அது அவரைத் திருப்பிக் கொண்டுவராமல் இருந்ததில்லை.

நேற்று நித்யாவிடம் பையில் ஹேர்பின் வைத்துக்கொள் என்றேன். அவள் முடியைத் தோளுக்கு மேல் வெட்டிக்கொண்டவள். "எனக்கு எதுக்கும்மா ஹேர்பின்?" என்று கேட்டாள். இதைப் படித்த பிறகு வைத்துக்கொள்வாள்.